ஐந்து நிமிட டெஸ்ட் ரைடு... யார் ஓட்டணும், எதைப் பார்க்கணும்?

சனிக்கிழமை காலை 11 மணி. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு வாகனக் கண்காட்சி. ஏ.சி ஹாலுக்குள் செல்ஃபி எடுப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, அதைவிடப் பெரிய கூட்டம் வெளியே வெயிலில் நிற்கிறது. பிளாஸ்டிக் தடுப்புகளை வரிசையாக வைத்து ஒரு வளைவுப் பாதை அமைத்திருக்கிறார்கள். ஒருமுறை சுற்றி வந்தால் 300 மீட்டர் இருக்கலாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களையும் பைக்குகளையும் ஓட்டிப் பார்க்கத்தான் அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

வரிசையில் பம்மலைச் சேர்ந்த ஒரு தம்பதி. மனைவிக்குப் போரூரில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர். அவருடைய பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் பத்து வயதாகிவிட்டது. மாதாமாதம் மெக்கானிக்குக்கு ஒரு தொகை போகிறது. அதனால்தான் இந்த ஞாயிறு விடுமுறைக்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்பி வந்துவிட்டார்கள்.

அவர்கள் முறை வருகிறது. ஸ்டால் பையன் ஹெல்மெட்டைக் கணவரிடம் நீட்டுகிறார். "வாங்க சார். ஸ்போர்ட் மோடுல போட்டு வெச்சிருக்கேன். சும்மா பறக்கும்!"

கணவர் இரண்டு சுற்று போய்விட்டு வருகிறார். முகமெல்லாம் சிரிப்பு. "செம பிக்-அப்மா! சத்தமே இல்ல. இதையே புக் பண்ணிடலாமா?"

"என்னங்க... தினமும் ஓட்டப்போறது நான்தானே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால், டெஸ்ட் ரைடுக்கு வரும் பல குடும்பங்கள் மறந்துபோகும் விஷயம் அதுதான். ஒரு லட்சத்துக்கும் மேல் போடும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது ஒருவர், ஐந்து வருடம் ஓட்டப்போவது இன்னொருவர்.

பிக்-அப்பில் மயங்காதீர்கள்

பெட்ரோல் இன்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் முழு இழுவையைக் கொடுக்கும். எலெக்ட்ரிக் மோட்டார் அப்படியில்லை. நின்ற இடத்திலிருந்தே கிட்டத்தட்ட முழு இழுவையையும் கொடுத்துவிடும். பெட்ரோல் வண்டியிலிருந்து இறங்கி முதல்முறை எலெக்ட்ரிக் வண்டியில் ஏறும் யாருக்கும் 'பறப்பது' போலத் தோன்றுவது இதனால்தான். ஏறக்குறைய எல்லாக் கம்பெனி வண்டியிலும் இந்த அனுபவம் கிடைக்கும். எனவே, எந்த வண்டியை வாங்குவது என்று முடிவு செய்ய பிக்-அப் மட்டும் உதவாது.

வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரிவது மெதுவாகப் போகும்போதுதான். பள்ளி வாசல் நெரிசல், தெருமுனை யு-டர்ன், ஸ்பீடு பிரேக்கர், கடை வாசலில் பின்னால் தள்ளி எடுப்பது என அன்றாடம் வண்டியோடு மல்லுக்கட்டும் இடங்கள் எல்லாமே 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம்

வண்டியை ஆன் செய்வதற்கு முன் சீட்டில் உட்காருங்கள். இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிகின்றனவா? நுனிவிரலில் நிற்க வேண்டியிருந்தால், சிக்னலில் பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும்போது தடுமாறும். பல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் 100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுத்துப் பாருங்கள். நான்கடி பின்னால் தள்ளிப் பாருங்கள். ரிவர்ஸ் வசதி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கால் வைக்கும் இடம். சில வண்டிகளில் பேட்டரி ஃபுட்போர்டுக்கு அடியில் இருக்கும். அதனால் ஃபுட்போர்டு சற்று உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கியபடி உட்கார வேண்டிவரும். இரண்டு சுற்றில் இது தெரியாது, தினமும் ஓட்டும்போது இடுப்பு சொல்லும். அரிசி மூட்டை வைக்க இடம் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உங்கள் ஹெல்மெட் நுழைகிறதா, சேலை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேலைக்குப் போகும் அதே உடையிலும் செருப்பிலும் கண்காட்சிக்குப் போங்கள்.

முக்கியமான இன்னொன்று: இன்ஜின் சத்தம் இல்லாததால் வண்டி 'ஆன்' ஆகியிருப்பது காதுக்குத் தெரியாது. நிறுத்திய வண்டியை ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து இழுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு. ஆன் ஆகியிருக்கும் எலெக்ட்ரிக் வண்டியில் அப்படிச் செய்தால் அது பாய்ந்துவிடும். முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை விளையாட்டாகத் திருகினாலும் அதேதான். சைடு ஸ்டாண்ட் போட்டால் மோட்டார் தானாக நிற்கிறதா, பிரேக் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறதா என்று ஸ்டாலில் கேட்டு, கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாதையில் இறங்கியதும்...

முதல் சுற்றை ஈக்கோ மோடில் போங்கள். உங்கள் அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். ஈக்கோவில் வண்டி சோம்பலாக இருந்தால், வாங்கிய பிறகு எப்போதும் அடுத்த மோடில்தான் ஓட்டுவீர்கள். விளம்பரத்தில் சொன்ன ரேஞ்ச் கிடைக்காது.

ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். சில வண்டிகள் பிரேக் பிடித்ததுபோல் சட்டென வேகம் குறையும். இதை 'ரீஜென்' என்கிறார்கள். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகம் குறையும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நல்ல வசதிதான். ஆனால், அந்த இழுப்பு உங்களுக்குப் பழகுமா, பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் வந்து இடிப்பாரா என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பாதையின் முனையில் காலைத் தரையில் ஊன்றாமல் மெதுவாக யு-டர்ன் எடுங்கள். அந்த வேகத்தில் லேசாகத் திருகினால் வண்டி லேசாக நகர வேண்டும். வெட்டி வெட்டிப் போனால் டிராஃபிக்கில் சிரமம். ஸ்பீடு பிரேக்கர் வைத்திருந்தால் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். இல்லையென்றால் சக்கரத்தின் அளவைக் கேளுங்கள். 10 அங்குலச் சக்கரத்தைவிட 12 அங்குலச் சக்கரம் பள்ளங்களைச் சமாளிக்கும்.

கடைசிச் சுற்றில் பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள். சில ஸ்டால்களில் இதற்கு அனுமதி தர மாட்டார்கள். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பம்மல் தம்பதி கேட்டார்கள், கிடைத்தது. மனைவி ஓட்ட, கணவர் பின்னால். இரண்டாவது வளைவில் வண்டி கொஞ்சம் ஆடி, அவர் காலை ஊன்றிச் சமாளித்தார். இறங்கியதும், "சீட்டு உயரம்ங்க. கால் எட்டல. தனியா ஓட்டினப்போகூடப் பரவால்ல. ஆளை ஏத்தினதும் பயமா இருக்கு" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்பு புக் ஆகியிருக்க வேண்டிய வண்டி அது.

'லைசென்ஸே வேணாம் மேடம்!'

கண்காட்சிகளில் இப்படி அழைக்கும் ஸ்டால்களும் இருக்கும். சட்டப்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்கும் வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அவற்றுக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை.

இதை உறுதிசெய்ய டெஸ்ட் ரைடைவிட நல்ல இடம் கிடையாது. 'லைசென்ஸ் வேண்டாம்' என்று சொல்லப்படும் வண்டி பாதையில் 40-ஐத் தொட்டால், அது அந்த விதிவிலக்குக்குள் வராது. "வேக லாக்கை நாங்களே எடுத்து விட்டுடுவோம்" என்று சொன்னால் நழுவிவிடுங்கள். பதிவு செய்ய வேண்டிய வண்டியைப் பதிவில்லாமல் ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. லைசென்ஸ் தேவைப்படும் வண்டியைச் சிறுவர்கள் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. டியூஷனுக்குப் போகும் மகனுக்காக வண்டி பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாதை சொல்லாத கணக்கு

ரேஞ்ச், சார்ஜிங், பேட்டரி ஆயுள் ஆகியவற்றை 300 மீட்டர் பாதை சொல்லாது. அதற்கு ஸ்டாலில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

விளம்பரத்தில் போடும் ரேஞ்ச், ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட வேக ஒழுங்கில் ஓட்டிச் சான்றளிக்கப்பட்ட எண். சாலையில் அது குறையும். எளிய கணக்கு இருக்கிறது. சாதாரண நகர ஓட்டத்தில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 30 முதல் 35 வாட் ஹவர் வரை மின்சாரம் எடுக்கும். 3 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால், சுமார் 85 முதல் 100 கிலோமீட்டர். ஆள் ஏற்றினால், மேம்பாலம் ஏறினால், வேகமாக ஓட்டினால் இன்னும் குறையும்.

தினமும் 25 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதுவே மூன்று நாளுக்குப் போதும். 150 கிலோமீட்டர் ரேஞ்ச் உள்ள பெரிய பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுத்து, கூடுதல் எடையையும் ஏன் சுமக்க வேண்டும்?

இனி கரன்ட் பில். 25 கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, தோராயமாக ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். ஏற்கெனவே 470 யூனிட் வரும் வீடாக இருந்தால் இது 500-ஐத் தாண்ட வைக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிறது. அதனால் பில் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக வரும். ஆனாலும், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில் இதே தூரத்துக்கு இரண்டு மாதத்தில் 33 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3,300 ரூபாய். மிச்சம் மிச்சம்தான்.

அம்மாவின் பயம்

இரண்டாவது ஸ்டாலில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. "தீப்பிடிக்காதா? எங்கம்மா எங்களோடதான் இருக்காங்க. இந்த வண்டியை வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு சொல்றாங்க."

அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச் மாதம், வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன்பிறகு மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. ஏ.ஐ.எஸ்-156 என்ற தரநிலையின் திருத்தப்பட்ட விதிகள் 2022 டிசம்பரில் தொடங்கி இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பேட்டரிக்குள் ஆபத்தான அளவு சூடு ஏறினால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும் என்பதும், தண்ணீர் புகாத அமைப்பு வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம்.

எனவே ஸ்டாலில் கேட்க வேண்டியது, "தீப்பிடிக்குமா?" என்பதல்ல. "இந்த மாடல் ஏ.ஐ.எஸ்-156 திருத்தப்பட்ட விதிப்படி சான்று பெற்றதா? காட்டுங்கள்" என்பதுதான். பேட்டரி எந்த வகை என்றும் கேளுங்கள். எல்.எஃப்.பி வகை சற்று கனமானது, ஆனால் அதிகச் சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். என்.எம்.சி வகை அதே எடையில் அதிக மின்சாரத்தைத் தேக்கும்.

சென்னைவாசிகளுக்கு மழைக் கேள்வியும் உண்டு. ஐ.பி 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும் என்று சோதிக்கப்பட்டது என அர்த்தம். இரவு முழுக்க வெள்ளத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. மூழ்கிய வண்டியை ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல், சர்வீஸ் ஆட்களை அழைப்பதுதான் சரி.

வீட்டிலும் சில பழக்கங்கள் வேண்டும். கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். எர்த் சரியாக உள்ள பிளக்கில், எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லாமல் போடுங்கள். எல்லோரும் தூங்கும் அறையிலோ, வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலை மறித்தோ சார்ஜ் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. சொல்லும் விலையில் பேட்டரி, சார்ஜர் இரண்டும் அடக்கமா? பேட்டரிக்கு மாத வாடகை வாங்கும் திட்டங்களும் வந்துவிட்டன. சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்கிய சில நிறுவனங்கள், 2023-ல் அதை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டி வந்தது.

2. பேட்டரி வாரன்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர்? கொள்ளளவு எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவீர்கள்? வாரன்டி முடிந்தபின் புது பேட்டரி என்ன விலை?

3. என் வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? வண்டி வழியில் நின்றால் எடுத்துப் போக யார் வருவார்கள்?

4. டயர் டியூப்லெஸ்தானா? மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தால், சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் போடத் தெருமுனைக் கடைக்காரர் தயங்கலாம்.

5. மானியம் எவ்வளவு, பில்லில் எந்த வரியில் கழித்திருக்கிறீர்கள்? மானியத் திட்டங்கள் அடிக்கடி மாறுபவை. வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். எலெக்ட்ரிக் வண்டிக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம்தான் என்பதையும் பில்லில் சரிபாருங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தையும் படியுங்கள். வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கும். ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். முடிந்தால் வார நாளில் காலையில் போங்கள். கூட்டம் குறைவு, இன்னொரு சுற்று கேட்டால் கிடைக்கும். மதியம்தான் போக முடிகிறது என்றால் அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிச் சூடான வண்டி, வெயிலில் எப்படி இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

'இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்!'

மணி இரண்டு. பம்மல் தம்பதி மூன்று வண்டிகளை ஓட்டி முடித்திருந்தார்கள். மூன்றாவதில் மனைவிக்குக் கால் எட்டியது. கணவரைப் பின்னால் வைத்து யு-டர்ன் எடுத்தபோது ஆடவில்லை. பிக்-அப் முதல் வண்டி அளவுக்கு இல்லை என்று கணவருக்கு லேசான வருத்தம்.

"மேடம், இன்னிக்கே டோக்கன் போட்டா ஆக்சசரீஸ் ஃப்ரீ. நாளைக்குக் கிடையாது" என்றார் ஸ்டாலில் இருந்தவர்.

கணவரின் கை பாக்கெட்டுக்குப் போனது. மனைவி தடுத்தார். "தம்பி, உங்க குரோம்பேட்டை ஷோரூம்ல இருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவீங்களா? எங்க தெருவுல ஓட்டிப் பார்க்கணும். பார்க்கிங்ல சார்ஜர் ஒயர் எட்டுமான்னும் பார்க்கணும்."

"கொண்டு வருவோம் மேடம். புதன்கிழமை ஓகேவா?"

"சாயங்காலம் வாங்க. எங்கம்மாவும் வீட்ல இருப்பாங்க. அந்த சர்டிஃபிகேட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. அதை அவங்ககிட்ட நீங்கதான் சொல்லிப் புரியவைக்கணும்."

ஸ்டால் பையன் தலையாட்டிக்கொண்டே நோட்டில் முகவரியை எழுதிக்கொண்டார். ஆக்சசரீஸ் ஆஃபர் பற்றி அதன்பிறகு மூவருமே பேசவில்லை.

*அடுத்த வாரம்: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட்... அசோசியேஷனிடம் எப்படிப் பேசுவது?*